உயிலுக்கு யார் ஃபீஸ் கொடுப்பது?

உயில் எழுத எவ்வளவு ஆகும் என்று அம்பத்தூர் பக்கம் விசாரித்துப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஜெராக்ஸ் கடையை ஒட்டி மேசை போட்டிருக்கும் பத்திர எழுத்தர், "மூவாயிரம் கொடுங்க, சாட்சியும் நானே ஏற்பாடு பண்றேன்" என்பார். கோர்ட்டுக்குப் பக்கத்து மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் வக்கீல் பத்து, பதினைந்து ஆயிரம் என்பார். அண்ணா நகரில் கண்ணாடிக் கதவு போட்ட இடத்தில் தொகையே சொல்ல மாட்டார்கள். "சொத்து லிஸ்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்புங்க சார், மதிப்பைப் பார்த்துட்டுச் சொல்றோம்" என்பார்கள். விசாரிக்கப் போகிறவர் பெரும்பாலும் மகன், இல்லாவிட்டால் மருமகன். வீட்டுக்கு வந்து, "மூவாயிரத்துல முடியுதுப்பா, நானே கொடுத்துடறேன்" என்பார். அப்பாவுக்கும் பிள்ளையின் பொறுப்பை நினைத்துப் பெருமையாக இருக்கும்.

எனக்கு ஆட்சேபம் அந்த இடத்தில்தான். உயிலுக்கான ஃபீஸை உயில் எழுதுகிறவர்தான் கொடுக்க வேண்டும், அதுவும் தன் வங்கிக் கணக்கிலிருந்து. சொத்து யாருக்குப் போகப்போகிறதோ அவர் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. மூவாயிரமா, முப்பதாயிரமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் வக்கீல் இல்லை. அரசுடைமை வங்கி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அம்பத்தூர், ஆவடி, திருமுல்லைவாயில் என்று இந்தப் பக்கத்துக் கிளைகளிலேயே காலம் ஓடிவிட்டது. கடைசி வருஷங்களில் என் மேசைக்கு வந்தது 'டெத் கிளைம்'. கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டால் பணத்தை யாரிடம் கொடுப்பது என்று பார்க்கிற வேலை. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ், ஆதார் நகல்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் அண்ணன் தம்பிகள். ஒரு குடும்பம் எவ்வளவு சீக்கிரம் 'பார்ட்டி'களாகப் பிரியும் என்பது அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊர்களின் வயதையும் கொஞ்சம் கணக்கில் எடுக்க வேண்டும். அறுபதுகளில் ஆவடியில் டாங்க் தொழிற்சாலை வந்தது, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. பாடியிலும் கொரட்டூரிலும் கம்பெனிகள் வந்தன. தஞ்சாவூர், திருநெல்வேலி, வட ஆற்காடு என்று எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வந்தவர்கள் ஒரு கிரவுண்டு, அரை கிரவுண்டு வாங்கிப் போட்டார்கள். பி.எஃப். லோனில் கீழ்த்தளம், மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்ததும் மாடி, ரிட்டயர்மென்ட் பணத்தில் முன்பக்கம் ஒரு கடை. அப்போது ஏரிக்கரைப் பொட்டலாக இருந்த மனை இன்றைக்குக் கோடி ரூபாய் பேசுகிறது. வாங்கியவர்களுக்கு எழுபது, எண்பது வயதாகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சொத்து என்று இருப்பது அந்த ஒரே வீடுதான். அதற்கு மூன்று பிள்ளைகள்.

உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், அவருடைய சுய சம்பாத்தியம் மனைவி, மகன்கள், மகள்கள் இவர்களோடு அவருடைய தாயாரும் உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்காகப் போகும். கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 600. அதில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் போதும், வீடு விற்கவும் முடியாது, இடித்துக் கட்டவும் முடியாது. பூட்டிக் கிடக்கிற வீடுகளை எங்கள் தெருவிலேயே காட்டுவேன்.

"நாமினி போட்டாச்சே மேடம், உயில் எதுக்கு?" என்று கவுண்டரில் கேட்காதவர்கள் குறைவு. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ள வங்கி அடையாளம் கண்ட ஆள். வாங்கியதை வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு உண்டு. உச்ச நீதிமன்றம் இதைப் பல தடவை சொல்லிவிட்டது. பங்குகளின் நாமினி விஷயத்திலும் 2023 டிசம்பரில் அதையே சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் 2015 திருத்தத்துக்குப் பிறகு நிலைமை வேறு. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நாலு நாமினி வரை போடலாம் என்று விதி வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால், நாலு பேர் பெயரைப் பார்த்ததும் உயிலே எழுதிவிட்ட நிம்மதி நம் ஆட்களுக்கு வந்துவிடுமே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

சரி, ஃபீஸுக்கு வருகிறேன். ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்கள் முன்பு ஒரு ஃபைல் என்னிடம் இருந்தது. அப்பா இறந்துவிட்டார். இளைய மகன் உயில் கொண்டுவந்தார், வீடும் வைப்புத்தொகையும் தனக்கு என்று. அக்காவும் அண்ணனும் வழக்குப் போட்டுவிட்டார்கள். எஃப்.டி.யைத் தொடக்கூடாது என்று கோர்ட் உத்தரவு வந்தது. வழக்கு முடிந்து தீர்ப்பின் நகல் எங்கள் கைக்கு வந்தபோது உட்கார்ந்து படித்தேன். குறுக்கு விசாரணையில் கேட்ட கேள்விகள் ரொம்பச் சாதாரணமானவை. வக்கீலை முதலில் போய்ப் பார்த்தது யார்? நான். என்ன எழுத வேண்டும் என்று சொன்னது யார்? அப்பா சொல்லி நான் சொன்னேன். ஃபீஸ் கொடுத்தது யார்? நான்தான். சாட்சிகள்? ஒருவர் என் ஃப்ரெண்ட், இன்னொருவர் வக்கீலிடம் வேலை பார்க்கிற பையன். உயிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டியது யார்? நான் படித்துக் காட்டினேன். உயில் நிற்கவில்லை. கடைசிக் காலத்தில் அப்பாவைப் பார்த்துக்கொண்டது அந்த இளையவர்தான் என்பது கிளையில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாசா மாசம் பென்ஷன் எடுக்கக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தது அவர்தான். அப்பாவின் மனசில் இருந்ததுதான் அந்தக் காகிதத்திலும் இருந்திருக்கும் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் காகிதம் பிறந்த விதம் தப்பாகப் போய்விட்டது.

இதற்கு அடிப்படையான தீர்ப்பு பழையது. மைசூர்ப் பக்கத்து வழக்கொன்றில், வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா என்று பெயர், 1958 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிலால் பெரிய ஆதாயம் பெறுகிறவரே அதைத் தயாரிப்பதிலும் முன்னால் நின்றிருந்தால் அது சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை, அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு அவருடையது. மகன் ஃபீஸ் கொடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காக உயில் செல்லாமல் போகாது. ஆனால், எதிர்த்தரப்பு வக்கீல் கோர்க்கிற மாலையில் அதுதான் முதல் பூ. அப்பாவின் பென்ஷன் கணக்கிலிருந்து வக்கீல் கணக்குக்குப் பணம் போயிருந்தால் அந்த வரி பாஸ்புக்கில் நிற்கும். இவர் தானாக யோசித்து, தானாகப் போய், தன் காசைக் கொடுத்து எழுதியிருக்கிறார் என்பதற்கு வங்கி முத்திரையோடு ஒரு சாட்சி.

எந்த வக்கீலிடம் போவது? பெரிய ஊர்களில் 'எஸ்டேட் பிளானிங்' என்று தனியாகப் பலகை வைத்திருக்கிறார்கள். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அப்படி ஒரு பலகையைத் தேடி அலைய வேண்டாம். நமக்கு வேண்டியது சிவில் வழக்கு நடத்துகிற வக்கீல். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. இணையதளங்களில் வக்கீல்களுக்கு நட்சத்திரம் போட்டு, விலை போட்டுப் பட்டியல் இடுவதைச் சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் கண்டித்து, நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆகவே வாய்வழி விசாரிப்புதான், அதற்குக் கோர்ட் வாசலுக்கே போகலாம். பூந்தமல்லி கோர்ட் என்றால் நிறையப் பேருக்கு நினைவு வருவது ராஜீவ் காந்தி கொலை வழக்குத் தீர்ப்பு, 1998இல் வந்தது. எங்களுக்கு அது பாகப்பிரிவினை கோர்ட். காலை பத்தரை மணிக்கு அங்கே போய் நின்றால், வேட்டி முனையைப் பிடித்தபடி பத்திரக் கவரோடு நிற்கிற பெரியவர்களில் பாதிப் பேர் அண்ணன் மேலோ தம்பி மேலோ வழக்குப் போட்டவர்கள்தான்.

வக்கீலிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை உயில் எழுதியிருக்கீங்க?" என்பதல்ல. எழுதுவது சுலபம், கம்ப்யூட்டரில் மாதிரி இருக்கிறது, பெயரை மாற்றினால் போதும். "உயிலை எதிர்த்து வழக்கு நடத்தியிருக்கீங்களா?" என்று கேளுங்கள். சாட்சியைக் கூண்டில் ஏற்றி, உயிலை உடைத்தவருக்குத்தான் அது எங்கே உடையும் என்று தெரியும்.

நானும் என் கணவரும் எங்கள் உயிலுக்காகப் போனது அம்பத்தூர் ஓ.டி. பக்கம், மாடியில் சின்ன அறை, நடுத்தர வயதுப் பெண் வக்கீல். என்னோடு வேலை பார்த்த ஒருவருடைய பாகப்பிரிவினை வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆஜரானவர். 'நம்மளை அலற வச்ச அம்மா' என்று வழக்கில் எதிரே நின்ற அந்தச் சக ஊழியரே சிபாரிசு செய்தார். உள்ளே போனதும் வக்கீல் என் கணவரைப் பார்த்து, "சார், நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்க" என்றார். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. டாங்க் ஃபேக்டரியில் சார்ஜ்மேனாக இருந்தவர், மனைவி பேசும்போது வெளியில் உட்கார்ந்து பழக்கமில்லை. என்னோடு பேசி முடித்ததும் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் பேசினார்.

வக்கீல் கேட்ட கேள்விகளுக்குத்தான் நாங்கள் பணம் கொடுத்தோம் என்று நினைக்கிறேன். தாய்ப்பத்திரம் யாரிடம் இருக்கிறது? பட்டா உங்கள் பெயரில் மாறிவிட்டதா, இல்லை மனை விற்றவர் பெயரிலேயே நிற்கிறதா? வீட்டு வசதி வாரிய வீடாக இருந்தால் தவணை முடிந்ததோடு சரியா, விற்பனைப் பத்திரம் வாங்கினீர்களா? நகை யாருடையது, லாக்கர் யார் பெயரில்? அமெரிக்காவில் இருக்கிற பையனுக்கு இந்த வீட்டில் பங்கு வேண்டுமா, இல்லை பணமாகப் போதுமா, அவனிடமே கேட்டீர்களா? உங்களுக்கு முன்னால் உங்கள் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் பங்கு அவள் குழந்தைக்கா, அண்ணனுக்கா? இந்தக் கடைசிக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "அவசரமில்லைம்மா, யோசிச்சிட்டு வாங்க" என்றார். என் கணவர் தன் பென்ஷனையும் உயிலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். குடும்ப ஓய்வூதியம் விதிப்படிதான் போகும், அதை உயிலில் எழுத முடியாது என்று வக்கீல் சிரிக்காமல் விளக்கியிருக்கிறார்.

இரண்டு உயிலுக்கும் சேர்த்து பன்னிரண்டாயிரம். பாதி என் கணக்கிலிருந்து, பாதி அவர் கணக்கிலிருந்து. ரசீது வாங்கினோம். அந்தத் தொகைக்கு என்னென்ன அடங்கும் என்று முதலிலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். வரைவு, எங்கள் திருத்தங்கள், பதிவு நாளன்று கூட வருவது, நகல். பதிவுக் கட்டணம் தனி. வக்கீல்கள் ஃபீஸை இப்படி எழுதிக் கொடுப்பது நம் பக்கத்தில் வழக்கமில்லை. கேட்டால் கோபித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். கேளுங்கள், கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. ஆவடியில் முப்பது லட்சத்து ஃபிளாட்டாக இருந்தாலும் கொரட்டூரில் இரண்டு கோடி வீடாக இருந்தாலும் உயிலில் ஒரு பத்திதான். எழுதும் நேரம் கூடுவது சொத்தின் விலையால் இல்லை, குடும்பத்தின் சிக்கலால். இரண்டாம் தாரத்துப் பிள்ளை, மனவளர்ச்சி குன்றிய மகள், பிரிந்து வாழும் மருமகள், பூர்வீகமும் சுய சம்பாத்தியமும் கலந்த நிலம், இப்படி இருந்தால் வக்கீல் கூடக் கேட்கட்டும், கொடுக்கலாம். வழக்கில் ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேரம் பேசுவதையோ பார் கவுன்சில் விதியே தடுக்கிறது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையெழுத்து, அவர் கையெழுத்திட்டதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, அவ்வளவுதான் சட்டம் கேட்பது. பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள் என்பேன். செலவு பெரிதில்லை, வீட்டு மதிப்பைப் பார்த்து வசூலிக்கிற கட்டணமும் இல்லை. எஸ்டிமேட்டில் 'ஆபீஸ் செலவு' என்று ஒரு வரி வந்தால், அதற்கு ரசீது உண்டா என்று மட்டும் கேளுங்கள். அரசுக்குக் கட்டுகிற பணத்துக்கு ரசீது உண்டு, ரசீது இல்லாத செலவு உங்களுடையது இல்லை. நடக்க முடியாதவர்கள் மனுக் கொடுத்தால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

"பதிவு பண்ணினா வில்லங்கத்துல தெரிஞ்சிடும், மருமக பாத்துடுவா" என்று ஒரு பயம் எங்கள் தெருவில் உலவுகிறது. தெரியாது. வீட்டுப் பத்திரங்கள் ஏறுவது முதல் புத்தகத்தில், வில்லங்கச் சான்றிதழ் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். உயில் ஏறுவது மூன்றாம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோதான் நகல் கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தைச் சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் எத்தனையோ பேர் தைரியமாக உள்ளே போவார்கள்.

பதிவு செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. நாளைக்கு வழக்கு என்று வந்தால், பதிவான உயிலாகவே இருந்தாலும், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் உயிரோடு இருக்கிற ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்திலும் அதுதான், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அதுதான். அதனால்தான், "சாட்சியும் நானே ஏற்பாடு பண்றேன்" என்கிற மூவாயிரம் ரூபாய் சேவையை நான் வேண்டாம் என்கிறேன். டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்த ஆளைப் பதினைந்து வருஷம் கழித்து எங்கே தேடுவீர்கள்? சாட்சி உங்களைவிட வயதில் சிறியவராக, உங்களைத் தெரிந்தவராக, உயிலில் ஆதாயம் எதுவும் இல்லாதவராக இருக்க வேண்டும். உங்களை வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் சம்மதித்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

சொன்னதை நிறைவேற்ற ஓர் ஆளையும் உயிலிலேயே நியமித்துவிட வேண்டும். உயில் இருந்தாலும் காரியம் இழுக்கலாம். பச்சையப்ப முதலியார் காலமானது 1794இல். உயில் எழுதித்தான் வைத்திருந்தார். அந்தப் பணம் வழக்குகளில் சிக்கி மீண்டு, அவர் பெயரில் பள்ளிக்கூடம் வந்தது 1842இல். உயிலே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்து உதாரணம் போயஸ் கார்டன். ஜெயலலிதா 2016 டிசம்பர் 5ஆம் தேதி இறந்தார். உயில் என்று எதுவும் நிலைநாட்டப்படவில்லை. அண்ணன் பிள்ளைகள் தீபாவும் தீபக்கும்தான் வாரிசுகள் என்று உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் சொன்னது. ஜெயலலிதாவின் வேதா நிலையம் வீட்டை அரசு எடுத்துக்கொண்டது செல்லாது என்று 2021 நவம்பரில் சொன்னது. சாவி கைக்கு வர ஐந்து வருஷம். ஒரு முதலமைச்சர் வீட்டுக்கே இந்தக் கதி.

எங்கள் பக்கத்துக்கு ஒரு வசதி இருந்தது. இந்துக்கள் எழுதும் உயிலைப் பழைய சென்னை நகர எல்லைக்குள் எழுதினாலோ, அந்த எல்லைக்குள் வீடு, மனை இருந்தாலோ, உயர் நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பிக்கும் 'புரொபேட்' வாங்காமல் உயிலைக் காட்டி உரிமை கோர முடியாமல் இருந்தது. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வீடு வைத்திருந்தவர்கள் அதற்காக வருஷக்கணக்கில் அலைந்தார்கள். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. அந்தக் கட்டாயத்தை விதித்த 213ஆம் பிரிவையே நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. பழைய ஞாபகத்தில் 'புரொபேட் செலவு' என்று யாராவது இப்போது எஸ்டிமேட் போட்டால், ஏன் என்று கேட்டுவிட்டுப் பிறகு பர்ஸைத் திறங்கள்.

நம் ஊரில் உயிலைவிட அதிகமாக நடப்பது செட்டில்மென்ட். "உயில் எதுக்குங்க, கோர்ட்டுக்குப் போனா இழுத்தடிக்கும். இப்பவே பையன் பேர்ல செட்டில்மென்ட் பண்ணிடுங்க" என்று சொல்கிறவர்களே அதிகம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000. ஐம்பதாயிரத்துக்குள் விஷயம் முடிந்துவிடும், எழுதிக் கொடுப்பவருக்கும் நல்ல கூலி. ஆனால் உயிலை நாளைக்குக் கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். செட்டில்மென்ட் பதிவான நிமிஷத்தில் வீடு கைமாறிவிடும். அப்பா அம்மா தங்கள் வீட்டிலேயே விருந்தாளிகள். ஆயுள் உரிமையைப் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொள்ளாமல் தூக்கிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2007ஆம் வருஷத்து அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கைகொடுக்கும். பராமரிப்பேன் என்ற நிபந்தனை பத்திரத்தில் எழுத்தாக இல்லாவிட்டாலும், அன்பின் பேரில் கொடுத்ததில் அது அடங்கியே இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஒரு வழக்கில் சொன்னது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. எண்பது வயதில் அதைக் கையில் ஏந்திக்கொண்டு அலைய வேண்டியது யார் என்று யோசியுங்கள்.

இஸ்லாமியர்கள் கடனும் இறுதிச் சடங்குச் செலவும் போக மூன்றில் ஒரு பங்குக்குமேல், மற்ற வாரிசுகள் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர்களுக்குப் பங்கு விதிகள் வேறு. உங்களுக்கு எந்தச் சட்டம் என்பதை முதல் கேள்வியாகவே கேட்காத வக்கீல் மாதிரியைப் பார்த்துப் பெயர் மாற்றுகிறவர்தான்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "எங்கிட்ட என்ன இருக்கு உயில் எழுத?" என்பார்கள். காதில், கழுத்தில் இருப்பது, லாக்கரில் இருப்பது, அம்மா வீட்டுப் பங்கு, தன் பெயரில் வாங்கிய ஃபிளாட் எல்லாம் இருக்கும். பிள்ளையில்லாத ஓர் இந்துப் பெண், கணவரும் போய்விட்ட நிலையில் உயில் இல்லாமல் இறந்தால், அவள் சம்பாதித்து வாங்கியது அவளுடைய அம்மாவுக்கு வருவதற்கு முன் கணவருடைய வாரிசுகளுக்குப் போகும். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. என்னோடு கேஷ் கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஒரு தோழியின் ஃபிளாட் அப்படித்தான் போனது, அவள் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள்கூட வீட்டுக்கு வந்திராத கொழுந்தனார் பிள்ளைகளுக்கு. அவளை வளர்த்து, படிக்கவைத்த அம்மா அப்போது உயிரோடுதான் இருந்தார். பெண்கள் உயில் எழுதி வைக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே வேண்டுகோள் விடுத்தது.

கையில் காசில்லாத பெண் எப்படித் தன் ஃபீஸைத் தானே கொடுப்பாள் என்று கேட்பீர்கள். கொடுக்கவே வேண்டாம். 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் பாருங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. ஆலைத் தொழிலாளர்! தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்க்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டாலே வழி சொல்வார்கள். பிள்ளை கொடுக்கிற ஃபீஸில் எழுதிய உயிலைவிட, ஆணைக்குழு அனுப்பிய வக்கீல் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்த உயில் கோர்ட்டில் தலைநிமிர்ந்து நிற்கும்.

ஆனால் இன்றைக்கு அங்கே போகிறவர்கள் ஜீவனாம்சத்துக்கும் விபத்து இழப்பீட்டுக்கும்தான் போகிறார்கள். உயிலுக்கு யாரும் போவதில்லை, போகலாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அம்பத்தூர், பூந்தமல்லி வக்கீல் சங்கங்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கோர்ட் வளாகத்திலேயே, அறுபது வயது தாண்டியவர்களுக்கு உயில் ஆலோசனை நாள் என்று அறிவியுங்கள். சட்டப்படி இலவசம் கிடைக்க வேண்டியவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு ஒரே தொகை, அதைப் பலகையில் எழுதிப் போடுங்கள். பிள்ளைகளுக்கு வெளியே நாற்காலி போடுங்கள். முதல் சனிக்கிழமைக்குத் திருமுல்லைவாயிலிலிருந்து ஆட்களைக் கூட்டிவர எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் தயாராக இருக்கிறது.